எண்ணத்தை அளந்தறிதல்

கடையில் அரிசி வாங்குவோர் நிறுத்துப் பார்க்கின்றனர். துணி வாங்குவோர் அளந்து பார்க்கின்றனர். பொன் வாங்குவோர் உரைகல்லில் உரைத்துப் பார்க்கின்றனர். ஆயின், நாள்தோறும் உள்ளத்தில் எழுந்து நம்மை மகிழ்விக்கவும் வாட்டவும் வல்ல எண்ணங்களை அளந்து பார்ப்பவர் எத்துணைப் பேர்? உள்ளத்தில் தோன்றிற்று என்னும் ஒன்றே காரணமாக எதனையும் மெய்யென ஏற்றுக்கொள்கிறோம். அறிவுக்கு ஒவ்வாத நம்பிக்கை என்றவுடன் பூனை குறுக்கே போதலும் பல்லி சொல்லுதலும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றை எள்ளி நகையாடும் மாணவர் பலர், அவற்றினும் கொடிய நம்பிக்கைகளைத் தம்மைப் பற்றியே கொண்டு வருந்துகின்றனர். அத்தகைய நம்பிக்கைகளை ஆராய்ந்து நீக்குமாறும், அவற்றின் இடத்தில் நல்லெண்ணங்களை நடுமாறும் ஈண்டுக் காண்போம்.

ஒரே வகுப்பில் பயிலும் மாணவர் இருவர் கணக்குத் தேர்வில் தவறிவிட்டனர் என்று கொள்வோம். ஒருவன், "நான் எதற்கும் உதவாதவன், இனி எனக்குப் படிப்பு எதற்கு?" என்று எண்ணி மூலையில் முடங்குகின்றான். மற்றவனோ, "தவறிவிட்டேனே!" என்று வருந்துகின்றான், பின்னர் விடைத்தாளை எடுத்து, எங்கே பிழைத்தோம் என்று பார்க்கின்றான். நிகழ்ச்சி இருவர்க்கும் ஒன்றே, விளைவோ வேறு. நிகழ்ச்சி ஒன்றே விளைவுக்குக் காரணமாயின், இருவரும் ஒரு தன்மையராகவே இருத்தல் வேண்டும் அன்றோ? அங்ஙனம் இல்லாமையின், நிகழ்ச்சிக்கும் விளைவுக்கும் இடையே மூன்றாவது பொருள் ஒன்று உண்டு என்பது பெறப்படும். அதுவே நம்பிக்கை.

இவ்வுண்மையை ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன்னரே எடுத்துரைத்தவர் எபிக்டெட்டசு என்னும் பேரறிஞர். அவர் அடிமையாகப் பிறந்தவர்; கால் ஊனமுற்றவர். தாமாக நூல் ஒன்றும் எழுதினாரல்லர். அவருடைய மாணவர் அரியன் என்பார் எழுதி வைத்த குறிப்புகளாலேயே அவர் கருத்துகள் நமக்குக் கிடைத்துள்ளன. மாந்தரைக் கலக்குவன நிகழ்ச்சிகள் அல்ல, அவற்றைப் பற்றி அவர்கள் கொள்ளும் கருத்துகளே என்பது அவர் கொள்கை. இக்கொள்கையை அடியாகக் கொண்டு, அமெரிக்க நாட்டு உளவியல் அறிஞர் ஆல்பர்ட் எல்லிசு (1913–2007) என்பார் 1955ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ முறையை வகுத்தார். நிகழ்ச்சி, நம்பிக்கை, விளைவு என்னும் மூன்றனையும் பிரித்துக் காட்டி, இடையில் நிற்கும் நம்பிக்கையை வினவி ஆராயுமாறு துன்புற்றோரைப் பழக்கினார். 1960களில் ஆரன் பெக் என்னும் மருத்துவரும் இதனை ஒத்த முறையொன்றை உருவாக்கினார். இம்முறைகள் இன்று உலகின் பல நாடுகளிலும் கையாளப்படுகின்றன.

நம்பிக்கையை ஆராய்வது எங்ஙனம்? அதற்குரிய கருவிகள் நம் தமிழ் நூல்களிலேயே உள்ளன. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையைக் காப்பியம் என்று மட்டுமே பலர் அறிவர். அறவண அடிகள் காஞ்சி நகரில் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கும் பகுதியும் அதன்கண் உண்டு. காட்சி, கருத்து என்னும் அளவைகளை விளக்கியபின், மெய்போலத் தோன்றிப் பொய்யாய் முடியும் போலிகளையும் அடிகள் வகைப்படுத்திக் கூறுகின்றார். அவ்வளவையைக் கொண்டு நம் மாணவன் எண்ணத்தை அளந்து பார்ப்போம். அவன் கண்ணால் கண்டது என்ன? விடைத்தாளில் இட்ட மதிப்பெண். அஃது ஒன்றே காட்சி. "நான் எதற்கும் உதவாதவன்" என்பதோ அவன் கருதிக்கொண்டது. ஒரு தேர்வில் தவறியவர் எல்லாரும் எதற்கும் உதவாதவராயின் அன்றோ அக்கருத்து நிற்கும்? அங்ஙனம் உதவியவர் ஒருவரைக் காட்டினும் அது வீழ்ந்துவிடும்.

அவ்வொருவர் நம் நாட்டிலேயே வாழ்ந்தார். கணித மேதை இராமானுசன், கணக்கிலேயே முற்றும் மூழ்கி ஏனைப் பாடங்களைக் கைவிட்டமையால், கல்லூரி உதவித்தொகையை இழந்தார், எப்.ஏ. தேர்விலும் தவறினார். அவரே 1913ஆம் ஆண்டில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்குத் தம் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். 1918ஆம் ஆண்டில் இலண்டன் அரசவைக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். இதனால், தேர்வில் தவறியவர் எல்லாரும் இராமானுசன் ஆவர் என்று கொள்ளற்க. அதுவும் ஒரு போலியே. தவறுதல் தகுதியின்மைக்குச் சான்று ஆகாது என்னும் அளவே இங்கு நாம் பெறுவது.

அளவை நூலைப் போலவே இலக்கணமும் நமக்குத் துணை செய்யும். உள்ளத்தை வாட்டும் எண்ணங்களைச் சொல்லாக எழுதிப் பாருங்கள். "எல்லாரும் என்னை இகழ்கின்றனர்", "எப்போதும் எனக்குத் தோல்வியே", "ஒருவரும் எனக்கு இல்லை" என்று அவை வரும். அவற்றில் நிற்கும் உம்மை எது? முற்றும்மை. ஒன்றும் ஒழியாமல் அனைத்தையும் வளைத்துக்கொள்வது அது. "எல்லாரும்" என்கின்றோமே, இகழ்ந்தவர் எத்தனை பேர் என்று எண்ணினோமா? எண்ணிப் பார்த்தால் இருவரோ மூவரோ எஞ்சுவர். முற்றும்மையும் ஒரோவழி எச்சப் பொருள் தரும் என்று நம் இலக்கண ஆசிரியர்கள் வரைந்துள்ளனர். "எல்லாரும் வந்திலர்" என்றால் சிலர் வந்தனர் என்பதும் அதில் அடங்கும். சொல்லுக்கு அவர்கள் அளித்த அவ்விடத்தை, நாம் நம் வாழ்வுக்கும் அளித்தல் தகும் அன்றோ?

"வேண்டும்" என்னும் சொல்லும் இவ்வாறே ஆராயத்தக்கது. அது விருப்பத்தையும் உணர்த்தும், கட்டாயத்தையும் உணர்த்தும். "நான் முதல் மதிப்பெண் பெற வேண்டும்" என்பது விருப்பமாக நிற்கும் வரை நன்றே. அது முயற்சியைத் தூண்டும். "பெற்றே தீர வேண்டும்; இன்றேல் நான் மனிதனே அல்லன்" என்று கட்டாயமாக மாறும்போது, அதே சொல் கழுத்தை இறுக்கும் கயிறாகின்றது. விருப்பம் கட்டாயமாகத் திரிவதே உளநோவுக்குப் பெருங்காரணம் என்பது எல்லிசு அவர்களின் முடிபு.

களையைப் பறித்துவிட்டு நிலத்தை வெறிதே விட்டால் மீண்டும் களையே முளைக்கும். ஆதலின், தீய நம்பிக்கையை நீக்கிய இடத்தில் நல்ல நம்பிக்கையை நடுதல் வேண்டும். "நான் தவறவே மாட்டேன்", "நடப்பன எல்லாம் நன்மைக்கே" என்னும் இனிய பொய்கள் அதற்குப் பயன்படா. பொய்யைப் பொய்யால் மாற்றுவதில் என்ன பயன்? நல்லெண்ணம் மெய்யாக இருத்தல் வேண்டும். செய்வதற்கு உரிய ஒரு செயலையும் காட்டுதல் வேண்டும். "கணக்கில் தவறினேன், அது வருத்தமே. பின்னங்களும் வடிவியலும் எனக்கு விளங்கவில்லை. ஆசிரியரிடம் கேட்டுக் கற்பேன், துணைத்தேர்வு எழுதுவேன்" என்பது அத்தகைய எண்ணம். இதில் வருத்தம் இருக்கின்றது, மனமுறிவு இல்லை. வருத்தம் மனிதனைத் திருத்தும். மனமுறிவு அவனை வீழ்த்தும்.

"அவ்வாறாயின், உலகில் உள்ள துன்பங்கள் யாவும் வெறும் எண்ணந்தாமோ?" என்று சிலர் வினவலாம். அன்று. பசியும் நோயும் பிரிவும் மெய்யான துன்பங்களே. பசித்தவனிடம் எண்ணத்தை மாற்றிக்கொள் என்பது அறிவுரையும் ஆகாது, அறமும் ஆகாது. அவனுக்கு வேண்டுவது சோறு. ஒருவன் அநீதிக்கு ஆளாயின், அநீதியை நீக்குதலே முறை. ஆயினும், மெய்யான துன்பத்தின்மேல் பொய்யான நம்பிக்கை ஒன்றையும் ஏற்றிச் சுமப்பதால் சுமை இருமடங்காகும்; துன்பத்தை நீக்க எழும் கையும் தளரும். தனியே தாங்கவொண்ணாத சுமையாயின், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ வாய்திறந்து சொல்லுதல் வேண்டும். அது கோழைமை அன்று, அறிவுடைமையே.

இவ்விடத்துப் பெரியோர்க்கும் ஒன்று கூறுதல் கடன். "நீ உருப்பட மாட்டாய்" என்று வீட்டிலும் பள்ளியிலும் சினத்தால் சொல்லும் ஒரு தொடர், சொன்னவர் மறந்த பின்னரும் கேட்ட பிள்ளையின் உள்ளத்தில் நம்பிக்கையாக வேர் கொள்ளும். பிழையைச் சுட்டுக, பிள்ளையைப் பழியற்க.

மாணவர்களே! எண்ணத்தை அளக்கும் பழக்கம் ஒரு நாளில் வருவதன்று. எல்லிசு அவர்களும் இளமையில் அவையில் பேச அஞ்சியவரே. அவ்வச்சத்தை எண்ணத்தால் ஆராய்ந்ததோடு அமையாது, மீண்டும் மீண்டும் அவையேறிப் பேசியே அவர் அதனை வென்றார். நீங்களும் உள்ளம் சோரும்போது, சோர்வுக்கு முன் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்ட தொடர் யாது என்று கண்டு, அதனை ஒரு தாளில் எழுதுங்கள். கண்டது எது, கருதியது எது எனப் பிரியுங்கள். முற்றும்மையை எண்ணிப் பாருங்கள். கட்டாயத்தை விருப்பமாக மாற்றுங்கள். பின்னர் மெய்யான தொடர் ஒன்றை அதன்கீழ் எழுதி, அது காட்டும் செயலை அன்றே தொடங்குங்கள்.