தண்ணி கொட்டுற கண்ணுக்குப் பேரு வறட்சியாம்!

கச்சான் காத்து அடிக்கிற காலத்துல புதுமடத்துல கண்ணு கரிக்குதுன்னு சொல்லாத ஆளு கம்மி. உடனே மருந்துக்கடை. "கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து குடுங்க." அவரும் சீட்டு கேக்காம குடுக்குறாரு. எங்க சாச்சா ரெண்டு வருசமா அப்படித்தான் ஊத்துறாரு. லேபிளைப் படிச்சேன். டெக்ஸாமெத்தசோன்! ஸ்டீராய்டுங்க அது. டாக்டர் சில நாளைக்கு எழுதித் தர்றது வேற. மாசக்கணக்குல ஊத்தினா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பே செத்துப்போகலாம். போன பார்வை திரும்பாது. சீட்டு இல்லாம விக்கவே கூடாத மருந்து இது.

"தண்ணியா வழியுதே, எப்படிடா வறட்சி?"ன்னு சாச்சா சண்டைக்கு வந்தாரு. நியாயமான கேள்விதான். கண்ணீருக்கு மேல ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கு. இமை ஓரத்துச் சுரப்பி அடைச்சுக்கிட்டா எண்ணெய் வராது, காத்துல ஈரம் பறந்துடும், கண்ணு உறுத்தும். அந்த உறுத்தலுக்குத்தான் தண்ணி கொட்டுது.

வெந்நீர்ல முக்கின துணியை, பொறுக்கிற சூட்டுல, மூடின இமை மேல பத்து நிமிசம் வைங்க. காசில்லாத வைத்தியம், அதான் கடையில யாரும் சொல்றதில்ல! செயற்கைக் கண்ணீரையும் டாக்டரைக் கேட்டு வாங்குங்க. 2022-23-ல சென்னைப் பக்கம் தயாரான செயற்கைக் கண்ணீரோட தொடர்புள்ள கிருமித்தொற்று அமெரிக்காவுல 81 பேருக்கு வந்து, 4 பேர் இறந்தாங்க.

அடுத்த வாரம் கண் அழுத்தம் பாக்க சாச்சாவை மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். அந்த பாட்டிலும் கூட வருது.