பானை ஓட்டின் முன் ஒரு பருவம்

மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டரில் உள்ள கீழடி அகழாய்வு அருங்காட்சியகத்துக்குக் கல்லூரிப் பேருந்துகள் வருகின்றன. மாணவர்கள் இறங்குகிறார்கள், ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். கல்விச் சுற்றுலா முடிந்ததாகக் கணக்கு எழுதப்படுகிறது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்திடம் இதற்கு மேல் நாம் எதுவும் கேட்பதில்லை.

வரலாறு படிப்பவர்களுக்கு மட்டுமான இடம் அது என்று நினைப்பதுதான் முதல் தவறு. கீழடிப் பானை ஓடுகளின் கருநிறப் பூச்சில் கரி நானோ குழாய்கள் இருப்பதை வேலூர் விஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். அங்கு கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து, காளை, எருமை, ஆடு என்று இனம் பிரித்தது புனே டெக்கான் கல்லூரி. ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று தமிழி எனும் பழைய எழுத்தில் பெயர் பொறித்த ஓடுகள் தமிழ் மாணவருக்குப் பாடம். தக்களி, நெசவு படிப்பவருக்குப் பாடம். எங்கிருந்தோ வந்து சேர்ந்த சூதுபவள மணி, பொருளாதார மாணவருக்குப் பாடம்.

எனவே, ஒரு மாணவருக்கு ஒரு பொருள், ஒரு பருவம் என்று பாடத்திட்டம் வகுக்க வேண்டும். அளந்து, வரைந்து, ஆய்ந்து அவர் எழுதும் அறிக்கைக்கு மதிப்பெண் தர வேண்டும். அரும்பொருட்களை மாணவர் கையில் கொடுப்பது ஆபத்து என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால், அகழாய்வில் குவியும் எழுத்தில்லாத ஓடுகளைத் தொல்லியல் துறையினரின் மேற்பார்வையில் வைத்தே பயிற்சியைத் தொடங்கலாம்.

ஊர் மக்களை மறந்துவிட்டு இதைச் செய்ய முடியாது. கீழடியில் குழிகள் தோண்டப்பட்டது விவசாயிகளின் தென்னந்தோப்புகளில். மண்ணை அள்ளிச் சலித்தவர்கள் அக்கம்பக்கத்து ஆண்களும் பெண்களும். கீழடி இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்தின் மானாமதுரையில் இன்றும் குயவர்களின் சக்கரம் சுழல்கிறது. களிமண்ணின் பதமும் சூளையின் சூடும் அந்தக் குயவர்களுக்குக் கைப்பழக்கம். பழைய ஓட்டை ஆராயும் மாணவர் முதலில் போய் உட்கார வேண்டியது அவர்களிடம்தான். ஆய்வு முடிந்ததும், அறிந்ததை எளிய தமிழில் கிராம சபையில் வாசிக்கட்டும். தன் நிலத்தைத் தந்தவர் அதிலிருந்து என்ன வெளிப்பட்டது என்று கேட்டறிவது அவருக்கு நாம் செய்யும் சலுகை அல்ல, அவரது உரிமை.

இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை முடிவுசெய்யலாம், செய்ய வேண்டும்.