பட்டா ஒரு கணக்கு, புலப்படம் ஒரு கணக்கு

திருச்செங்கோட்டிலோ ராசிபுரத்திலோ உள்ள ஒரு நிலத்தின் புல எண்ணை ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் கொடுத்தால் பட்டா விவரம் தாங்கிய சிட்டாவும் பார்க்கலாம், புலப்படமும் பார்க்கலாம். ஒரே இடத்தில் கிடைப்பதால் இரண்டும் ஒரே கணக்கு என்று நம்பிவிடுகிறோம். ஆனால், அவை பிறந்த இடங்கள் வேறு. சிட்டா வருவது ‘தமிழ்நிலம்’ தரவுத்தளத்திலிருந்து. அங்கே நிலம் என்பது அட்டவணையில் ஒரு வரி: கிராமம், புல எண், உட்பிரிவு, உரிமையாளர் பெயர், பரப்பு. புலப்படமோ தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய ‘கொலாப்லேண்ட்’ என்ற வரைபட மென்பொருளில் தயாராவது. அங்கே நிலம் என்பது சங்கிலி அளவுகளால் கட்டப்பட்ட ஒரு பலகோணம். பட்டாவில் இருக்கும் பரப்பு யாரோ ஒருவர் உள்ளிட்ட எண்; படத்தின் பரப்பு, அளவுகளைக் கூட்டிக் கழித்து வருவது. இவை ஒத்துப்போகாத இடத்தில்தான் வரப்புத் தகராறு முளைக்கிறது. இரண்டையும் அருகருகே காட்டினால் மட்டும் போதாது. ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றியே தீரவேண்டும் என்று பிணைக்க வேண்டும். அந்தப் பிணைப்பு தொடங்க வேண்டிய இடம் சார்பதிவாளர் அலுவலகம்.

இந்தப் பிளவு கணினி கொண்டுவந்தது அல்ல. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயின. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலங்களை அளந்து வரி விதித்தார்கள். ரயத்துவாரி முறை வளர்ந்தது இந்த மண்ணில்தான். அன்றைய சர்க்காருக்கு முதல் தேவை யார், எவ்வளவு கட்டவேண்டும் என்ற கணக்கு. அந்தப் புத்தி இன்னும் மாறவில்லை. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. அதன் பிறகும் கைமாறும்போதெல்லாம் பெயர் மாறுகிறது. படமோ, அளவர் காட்டுக்கு வந்து உட்பிரிவு செய்தால் மட்டுமே மாறும். ஒன்று ஓடுகிறது, மற்றது நடக்கிறது. இடைவெளி தலைமுறைக்குத் தலைமுறை கூடுகிறது.

இன்று ஒரு புல எண்ணோ உட்பிரிவோ முழுதாக விற்கப்பட்டால் பதிவு முடிந்ததும் பட்டா தானாகவே மாறிவிடுகிறது. நல்ல ஏற்பாடு. சிக்கல், அதில் ஒரு துண்டு விற்கும்போது. பத்திரத்தில் “கீழ்புறம் 40 சென்ட்” என்று எழுதி, நான்கு பக்கமும் செக்குபந்தி சொல்லிப் பதிந்துவிடுகிறார்கள். உட்பிரிவுக்கு மனு போடுவதும் அளப்பதும் படம் வரைவதும் அதற்குப் பிறகு. அதுவரை அந்த 40 சென்ட், அதாவது 16.19 ஏர், பத்திரத்தில் இருக்கிறது, படத்தில் இல்லை. அந்த நிலையிலேயே அது மறுவிற்பனை ஆகலாம், அடமானம் போகலாம். பட்டாவில் கூட்டாகப் பெயர் ஏறி, யாருக்கு எந்த மூலை என்பதே தெரியாமல் போகலாம்.

தீர்வுக்கான தத்துவம் பழையது. ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் உறவுமுறைத் தரவுத்தளம் என்ற கருத்தை முன்வைத்தார். ஓர் அட்டவணையின் வரி இன்னோர் அட்டவணையில் இல்லாத ஒன்றைச் சுட்டினால் அதை ஏற்கவே கூடாது என்று அங்கே விதி போடலாம். பொறியியல் வரைபட மென்பொருள்கள் கோடுகளைத் தரவுத்தள வரிகளோடு இணைக்கப் பழகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. 2001இல் வந்த போஸ்ட்ஜிஸ் போன்ற மென்பொருள்கள் பலகோணத்தையே தரவுத்தளத்துக்குள் வைக்கின்றன. ஆகவே, பலகோணம் இல்லாத உட்பிரிவுக்குப் பட்டா வரி இல்லை, பட்டா வரி இல்லாத துண்டுக்குப் பத்திரம் இல்லை என்ற விதியைக் கணினிக்குச் சொல்வது கடினமே அல்ல.

சேலம், நாமக்கல் சமவெளியில் இதற்கு இன்னொரு அவசியம் இருக்கிறது. காவிரிக் கரையோரத்தை விட்டால் பெரும்பாலும் கிணற்றை நம்பிய மேட்டுக்காடு. இங்கே காட்டின் விலை பரப்பில் மட்டும் இல்லை. கிணற்றில் எத்தனை பங்கு, வண்டி போகத் தடம் உண்டா என்பதில் இருக்கிறது. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது “மாமூல் தடத்தில் போகவரப் பாத்தியமும் கிணற்றில் பாதிப் பங்கும்” என்று பத்திரத்தில் ஒரு வரி வரும். அந்தப் பங்கைச் சிட்டா சொல்லாது. படத்தில் கிணறு வட்டமாக இருந்தாலும் பாதி யாருடையது என்று படமும் பேசாது. கிணற்றுக்கும் தடத்துக்கும் தனித்தனி எண் கொடுத்து, எந்தெந்த உட்பிரிவுக்கு என்ன பாத்தியம் என்று அட்டவணையில் ஏற்றினால், தடத்தை மறித்து வேலி போடுகிறவரிடம் காட்ட ஒரு தாளாவது இருக்கும். இது இல்லாமல் பரப்பை மட்டும் சரிசெய்வது பாதி வேலைதான்.

பழைய படங்களில் பிழை இருக்கிறது, பிணைத்தால் பிழையே நிரந்தரமாகும் என்று அஞ்சுகிறவர்கள் தெலங்கானாவைக் காட்டுவார்கள். 2020இல் வந்த ‘தரணி’ நிலப் பதிவேட்டுத் தளத்தில் பிழையாக ஏறிய பெயர்களைத் திருத்த விவசாயிகள் பட்ட பாடு பெரிது; 2025இல் ‘பூபாரதி’ சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. ஆனால், அங்கே சறுக்கியது இணைத்ததால் அல்ல. களத்தோடு ஒப்பிடாமல் பதிவேட்டை ஏற்றியதும், வருவாய் நீதிமன்றங்களைக் கலைத்து மக்களைச் சிவில் கோர்ட்டுக்கு அனுப்பியதும்தான் காரணம். படத்துக்கும் பட்டாவுக்கும் வேறுபாடு இருந்தால் கணினி அதைத் திருத்தக் கூடாது. ஊரறியக் காட்ட வேண்டும். இரு தரப்புக்கும் நோட்டீஸ் போக வேண்டும். யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார் என்பது அழியாமல் நிற்க வேண்டும். இப்போதோ பிழை மறைந்தே கிடக்கிறது. அதுவும் ஒரு நிரந்தரம்தான்.

அளவர்கள் போதாது, பதிவுகள் தேங்கிவிடும் என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். கர்நாடகத்தில் ஒரு சர்வே எண்ணின் பகுதியை விற்க வேண்டுமானால் ‘11இ’ எனப்படும் வரைபடம் முதலில் வேண்டும். அதற்காகவே உரிமம் பெற்ற தனியார் அளவர்களையும் அமர்த்தினார்கள். தாமதப் புகார்கள் அங்கேயும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், விற்பதற்கு முன் காத்திருப்பது சில வாரங்களின் தொல்லை. விற்றபின் வழக்காடுவது சில பத்தாண்டுகளின் தொல்லை. குடும்பப் பாகப்பிரிவினை செய்யும் சிறு விவசாயிக்கு அளவைக் கட்டணத்தை அரசே ஏற்கலாம். அலுவலர்களின் விருப்புரிமை குறைந்துவிடுமே என்றும் சிலர் மெல்லச் சொல்வார்கள், குறையட்டும்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, பத்திரங்களில் நிலத்தை அரசு வரைபடத்தை அல்லது நில அளவையைக் குறிப்பிட்டே விவரிக்க வேண்டும் என விதி செய்ய மாநில அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. தமிழக அரசு அந்த விதியை எழுதி, ரயத்துவாரி வளர்ந்த சேலம், நாமக்கல் மாவட்டங்களிலேயே ஒரு வட்டத்தில் முதலில் நடைமுறைப்படுத்திப் பார்க்க வேண்டும்.