பல் டாக்டரான என் பிள்ளைகளுக்கு

 

பல் அடைப்பது, பல்செட் கட்டுவது எல்லாவற்றையும் காப்பீட்டு அட்டையில் சேர்க்க வேண்டும் என்று நம் பழைய மாணவர் குரூப்பில் ஒரு தம்பி எழுதினான். அவ்வளவுதான், என்னிடம் படித்துப் பல் டாக்டரானவர்கள் வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். "அப்படி வந்தால் கிளினிக்கை மூட வேண்டியதுதான் சார்" என்கிறார் ஒருவர். "அரசாங்க ரேட்டுக்குப் பார்த்தால் தரம் இருக்காது" என்கிறார் இன்னொருவர்.

சரி, ஒன்று கேட்கிறேன். உங்கள் கிளினிக் படியை நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் மிதித்திருக்கிறார்கள்? குமாரலிங்கபுரத்தில் பல் வலித்தால் முதலில் கிராம்பு, அப்புறம் உப்புத் தண்ணீர், அதற்கும் கேட்காவிட்டால் மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை. கன்னம் வீங்கிய பிறகுதான் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறுவார்கள். அந்நேரம் பிடுங்குவதைத் தவிர வழி இருக்காது. மானாவாரிக் காட்டில் களையெடுக்கும் பொம்பளை ரூட் கெனாலுக்கும் கேப்புக்கும் ஆயிரம் ஆயிரமாக எங்கே போவாள்? அவள் இன்றைக்கும் உங்கள் நோயாளி இல்லை. அரசாங்கம் பணம் கொடுத்தால்தான் உங்களிடம் வருவாள். இதில் உங்களுக்கு என்ன நட்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சுகர், பிரஷர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம். சுகர் இருந்தால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சுகர் அடங்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் வெள்ளைத் திட்டு வந்தால் அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டியதும் நீங்கள்தான். அப்படியிருக்க, பல்லை மட்டும் பணக்காரர் சமாச்சாரம் மாதிரி ஏன் தள்ளி நிறுத்துகிறீர்கள்?

கனடாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்த கதை. அங்கே 2023 டிசம்பரில் அரசு பல் மருத்துவத் திட்டத்துக்கு விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தார்கள், 2024 மே மாதம் சிகிச்சை தொடங்கியது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 90,000 டாலருக்குக் கீழே இருந்து, தனியார் காப்பீடும் இல்லாதவர்களுக்கானது. அங்கேயும் பல் டாக்டர்கள் முதலில் முரண்டு பிடித்தார்கள். ரேட் குறைவு, எழுத்து வேலை அதிகம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். அரசாங்கம் இறங்கி வந்தது. பதிவு செய்யாமலே பில் அனுப்பலாம் என்று 2024 ஜூலையில் வழிவிட்டது. பிறகு பெரும்பாலான டாக்டர்கள் சேர்ந்துவிட்டார்கள். யாரும் கிளினிக்கை மூடிவிட்டு ஓடியதாகத் தெரியவில்லை.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ரேட்டை அடிமாட்டு விலைக்கு வைத்தால் டாக்டர்கள் கழன்றுகொள்வார்கள். பிரிட்டனில் இன்று அதுதான் நடக்கிறது, அரசு நோயாளி என்றால் புதிதாகச் சேர்க்காத கிளினிக்குகள் ஏராளம். இங்கே நாடு முழுக்க 300க்கு மேல் பல் மருத்துவக் கல்லூரிகள். லட்சங்களைக் கொட்டிப் படித்த பிள்ளை, வேறொரு டாக்டரின் கிளினிக்கில் சொற்பச் சம்பளத்துக்கு நிற்கிறது. படித்தவர்களுக்கு வேலை இல்லாததால், பி.டி.எஸ். முடித்தவர்களுக்கு ஒரு இணைப்புப் படிப்பு கொடுத்துப் பொது வைத்தியம் பார்க்க விடலாம் என்று பல் மருத்துவக் கவுன்சிலே யோசனை சொன்ன காலமும் உண்டு. கிராமத்தில் சொத்தைப் பல், டவுனில் சும்மா இருக்கும் பல் டாக்டர். இரண்டையும் சேர்த்துவைக்க அரசாங்கப் பணத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது?

ஆகவே வேண்டாம் என்று சொல்வதை விடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கெல்லாம் பல் டாக்டர் பணியிடம் கேளுங்கள், உங்கள் சங்கத்தோடு நானும் வந்து மனுவில் கையெழுத்துப் போடுகிறேன். காப்பீட்டில் ஒரு பல் அடைக்க எவ்வளவு, கீழ் மேல் முழு பல்செட்டுக்கு எவ்வளவு கொடுத்தால் உங்களுக்குக் கட்டுபடியாகும் என்று ஆளாளுக்குக் கீழே எழுதுங்கள்.