சில்லுக்குத் தக்க ரயர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, முன்னாளில் எம்மிடம் பௌதிகம் பயின்ற இளைஞர் ஒருவர் எமது இல்லத்துக்கு வந்தார். தமது மோட்டார் வண்டியின் பின்பெட்டியில் நான்கு அலோய் சில்லுகளையும் ஏற்றி வந்திருந்தார். யாரோ பாவித்து விற்றவை, விலை மலிவு, பார்வைக்கும் பகட்டானவை. வண்டியோடு வந்த சில்லுகளிலும் பார்க்க இவை அகலமானவை. வண்டியில் இப்போது உள்ள ரயர்களோ ஆறு மாதத்துக்கு முன் வாங்கியவை, தேயாதவை. அவற்றையே கழற்றி இவ்வகன்ற சில்லுகளிற் பூட்டினால் புதிய ரயர் வாங்கும் செலவு மிச்சம்.

"போடலாமோ, சேர்?" என்று கேட்டார். பின்னாசனத்தில் அவருடைய மனைவியார் கைக்குழந்தையுடன் அமர்ந்திருந்தார்.

"வேண்டாம் தம்பி" என்ற சொல் எமது நாவின் நுனி வரை வந்துவிட்டது. அதற்கொரு காரணம் உண்டு. அதனை வாசகர்களுக்கு முதலிற் கூறிவிடுகின்றோம். கூறுவதில் எமக்குப் பெருமை ஏதுமில்லை.

2011 ஆம் ஆண்டில் நாமும் இவ்வாறே பழைய சில்லுகள் நான்கு வாங்கினோம். அவை எட்டங்குல அகலமுடையவை. எம்மிடமிருந்த ரயர்களோ 185 மில்லிமீற்றர் அகலத்தவை. அவற்றைப் பூட்டிய இடத்தில் வேலை செய்த முதியவர் ஒருவர், "மாஸ்ரர், இது இழுத்துப் போட்ட ரயர். காத்துக் குறைஞ்சால் கழண்டு போகும்" என்றார். நாமோ பட்டம் பெற்றவர், பௌதிகம் கற்பிப்பவர். அவரோ பள்ளிக்கூடத்தை அதிகம் கண்டவரல்லர். ஆகவே சிரித்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துப் புறப்பட்டோம்.

அவ்வாண்டுக் கார்த்திகை மழையில் ஓரிரவு, தாயாரை வைத்தியரிடம் அழைத்துச் சென்று திரும்பிக்கொண்டிருந்தோம். வீதியின் வளைவொன்றில், நீர் நிரம்பி மறைந்திருந்த குழியில் முன்சில்லு விழுந்தது. ரயர் சில்லை விட்டுக் கழன்றது. வண்டி எமது கைக்கு அடங்காது வாய்க்காலில் இறங்கிச் சாய்ந்து நின்றது. தாயாரின் வலக்கை மணிக்கட்டு முறிந்தது. ரயர்களின் காற்றை நாம் அளந்து பார்த்து அன்றைக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. எலும்பு பொருந்திய பின்னரும், தேங்காய் திருவ அந்தக் கை இணங்கவில்லை. தாயார் அச்சில்லுகளைப் பற்றி எம்மை ஒரு சொல்லும் கேட்டாரில்லை. கேட்டிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆயினும் ஒருவருக்கு நேர்ந்த துன்பம் மற்றவருக்கு விதியாகிவிடாது. அஞ்சி மறுப்பதும் அறியாது இசைவதும் ஒன்றே. ஆகவே, "தம்பி, அளந்து பார்த்தே சொல்லுவோம்" என்று கூறி, சில்லொன்றை முற்றத்தில் இறக்கச் செய்தோம்.

இத்தகைய கேள்வி இன்று பல வீடுகளில் எழுவது. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டில் மீண்டும் இடமளிக்கப்படும் வரையில், உள்ள வண்டியையே பேணி ஓட்டும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியது. ஒரு வண்டியின் சில்லு மற்றொரு வண்டிக்குச் செல்வதும் வழக்கமாயிற்று. இதிற் பிழையில்லை. ஆனால் எந்த ரயர் எந்தச் சில்லுக்கு உரியது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

ரயரின் பக்கத்திலே 185/65 ஆர் 15 என்பது போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருப்பதை மாணாக்கர் கண்டிருப்பர். 185 என்பது மில்லிமீற்றரில் ரயரின் அகலம். 65 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ரயரின் பக்க உயரம் என்பதைக் காட்டும். ஆர் என்பது ரயரின் உள்ளே இழைகள் குறுக்காகச் செல்லும் ஆரை அமைப்பைக் குறிப்பது. மிஷெலின் நிறுவனம் 1946 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற முறை இது. 15 என்பது சில்லின் விட்டம், அங்குலத்தில்.

சில்லின் அகலம் மட்டும் ரயரிற் பொறிக்கப்படுவதில்லை. இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். ஒவ்வொரு ரயர் அளவுக்கும் இன்ன அகலம் முதல் இன்ன அகலம் வரையுள்ள சில்லே பொருந்தும் என ரயர் செய்வோர் எல்லை வகுத்துள்ளனர். 175/65 ஆர் 14 ரயருக்கு 5 முதல் 6 அங்குலம். 185/65 ஆர் 15 ரயருக்கு 5 முதல் 6½ அங்குலம். 195/65 ஆர் 15 ரயருக்கு 5½ முதல் 7 அங்குலம். 205/55 ஆர் 16 ரயருக்கு 5½ முதல் 7½ அங்குலம். எல்லைக்குள் அகலம் கூடுவதாற் கேடில்லை. சில்லு அரை அங்குலம் அகன்றால் ரயர் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் விரிந்து கொடுக்கும், அவ்வளவே.

எல்லை கடந்தால் நிகழ்வது யாது? காற்றடைத்த ரயரின் பக்கம், கன்றீனப்போகும் பசுவின் வயிறு போல வெளியே புடைத்து நிற்கும். குழியில் விழும் அடியை முதலில் வாங்கி நெகிழ்வது அப்புடைப்பே. சில்லின் ஓரத்தைக் கல்லிலிருந்து காப்பதும் அதுவே. உருக்குக் கம்பி பொதிந்த ரயரின் ஓரத்தை, உள்ளிருக்கும் காற்று சில்லின் ஓரத்தோடு அழுத்திப் பிடித்திருக்கும். குறுகிய ரயரை மிக அகன்ற சில்லில் இழுத்துப் பூட்டினால், பக்கம் புடைப்பதற்குப் பதிலாகக் கூரையின் சரிவு போல உட்சாய்ந்து இறுகிவிடும். இறுகியது நெகிழாது, அடி முழுவதும் சில்லுக்கே செல்லும். சில்லின் ஓரம் ரயருக்கு வெளியே நீண்டு நிற்பதால், முதலிற் கல்லில் மோதுவதும் அதுவே. மேலும், காற்று ரயரின் ஓரத்தை வெளியே தள்ள, இழுபட்ட பக்கம் அதனை உள்ளே இழுக்கும். காற்றமுக்கம் குறைந்த நாளில், வளைவிலோ குழியிலோ, இழுப்பே வெல்லும். 2011 இல் எமக்கு நேர்ந்தது இதுவே. எட்டங்குலம் 203 மில்லிமீற்றர். 185 மில்லிமீற்றர் ரயரை அதன் மேல் நீட்டிப் பூட்டியிருந்தோம். பானையின் வாயிலும் பார்க்கச் சிறிய மூடி பானைக்குள்ளே விழும் என்பதைக் குழந்தையும் அறியும். பட்டதாரியாகிய நாம் அறிந்தோமில்லை.

யப்பானில் இவ்வாறு இழுத்துப் பூட்டுவதை வேடிக்கையாகச் செய்யும் இளைஞர்கள் உளர். அதனை அவர்கள் ஹிப்பாரி என்பர். இழுத்தல் என்பது அதன் பொருள். எமக்கு எச்சரிக்கை கூறிய முதியவர் வழங்கியதும் அதே சொல் என்பதைப் பின்னரே அறிந்தோம். இவ்வாறு பூட்டுவதற்காகச் சிலர் ரயருக்குள்ளே தீப்பற்றும் ஆவியைத் தெளித்து நெருப்பு வைப்பதும் உண்டு. நெருப்பு வைத்தாலன்றிப் பொருந்தாத ரயர், அச்சில்லுக்கு உரியதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

குறுகிய ரயரே தீது என்று எவரும் கருதிவிடலாகாது. 1948 ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் அறிமுகமான சித்ரோவன் 2சீவீ வண்டி 125 மில்லிமீற்றர் ரயர்களில் ஓடியது. 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த பீஎம்டபிள்யூ ஐ3 என்னும் மின்வண்டிக்கும் 155 மில்லிமீற்றர் ரயர்களே பூட்டப்பட்டன. ஆனால் அவ்வண்டிகளின் சில்லுகளும் அதற்கேற்பக் குறுகியவை. ஐ3 வண்டியில் அவை ஐந்தங்குலமே. விரலுக்குத் தக்க வீக்கம் என்பது சில்லுக்கும் பொருந்தும்.

இனி, முற்றத்துக்குத் திரும்புவோம். இளைஞர் அளவுநாடாவைச் சில்லின் ஒரு வெளியோரத்திலிருந்து மறு வெளியோரம் வரை பிடித்து, "ஏழரை அங்குலம், சேர்" என்றார். அவ்வளவாயின் விடை இல்லை என்பதே. ஆனால் சில்லின் அகலம் அவ்வாறு அளக்கப்படுவதன்று. ரயரின் ஓரங்கள் உட்காரும் இரு உட்சுவர்களுக்கும் இடைப்பட்ட தூரமே அதன் அகலம். வெளியே அளந்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடிவிடும். சில்லின் உட்புறத்தைத் துடைத்துப் பார்த்தோம். 15×6½ ஜே என்று பொறித்திருந்தது. அவருடைய ரயர் 185/65 ஆர் 15. அதற்குரிய மேலெல்லையும் 6½ அங்குலமே. பொருத்தம் எல்லையில் நின்றது, எல்லையைக் கடக்கவில்லை.

அடுத்து, வண்டியின் கதவோரத்தில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்தோம். வண்டியைச் செய்தோர் விதித்ததும் அதே ரயர் அளவு. இதனைப் பார்த்தல் மிக அவசியம். ரயரில் அளவுக்குப் பின்னே காணப்படும் எண், அது தாங்கும் பாரத்தைக் குறிப்பது. 91 எனின் 615 கிலோகிராம்; 88 எனின் 560 கிலோகிராம். தகடு 91 கேட்க, மலிவு கருதி 88 பூட்டுவோர், குடும்பம் முழுவதையும் ஏற்றிச் செல்லும் நாளில் ஒவ்வொரு ரயருக்கும் 55 கிலோகிராம் கடன் வைத்தவராவர்.

"போடலாம், தம்பி" என்றோம். எனினும் மூன்று நிபந்தனை விதித்தோம். பூட்டியபின் வண்டியின் சுக்கானை இருபுறமும் முற்றாகத் திருப்பி, ரயரோ சில்லோ எங்கும் உரசவில்லை என்று பார்த்தல் வேண்டும். தகட்டிற் கூறிய காற்றமுக்கத்தை வாரந்தோறும், வண்டி ஓடிச் சூடேறுமுன் அளத்தல் வேண்டும். அடுத்த முறை ரயர் வாங்கும்போது, சில்லின் அகலத்தைக் கடைக்காரரிடம் கூறியே வாங்குதல் வேண்டும். அவர் மூன்றையும் எழுதிக்கொண்டார். அவருடைய மனைவியார் அந்தத் தாளை வாங்கி மடித்துத் தமது கைப்பையில் வைத்துக்கொண்டார். ரயருக்கு இனிக் காற்றுக் குறையாது என்ற நம்பிக்கை எமக்கு அப்பொழுதே உண்டாயிற்று.

வாசகர்களே, உங்கள் வீட்டில் வண்டி இருப்பின், இன்று மாலையே பிள்ளைகளை அழைத்துச் சென்று, கதவோரத் தகட்டையும், ரயரின் எண்களையும், சில்லின் எண்ணையும் வாசிக்கச் செய்யுங்கள். கால் மணி நேரத்துக்கு மேற் செல்லாது. எண்கள் பொருந்தாவிடின், ரயர் பூட்டும் முதியவர் ஒருவரைக் கேளுங்கள். அவர் கூறுவதை நின்று கேளுங்கள். எமக்குக் கூறியவரைத் தேடிச் சில மாதங்களின் பின் சென்றோம். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றனர். அவருக்குக் கூற வேண்டிய நன்றி எம்மிடமே இருக்கின்றது.