நூலக வரிக்குக் கணக்கு எங்கே?

நமது கொங்கு நாட்டுக் கிராமங்களில் மாரியம்மன் கோவிலுக்குப் பூச்சாட்டி விட்டால், தலைக்கட்டு வரி என்று வீட்டுக்கு வீடு வசூல் நடக்கிறது. அன்றாடம் கூலிக்குப் போகிறவனும் கடன் வாங்கியாவது அதைக் கொடுத்து விடுகிறான். பண்டிகை முடிந்ததும் ஊர்க் கூட்டம் கூடிக் கணக்கு வாசித்தாக வேண்டும். மேளத்துக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, வாணத்துக்கு எவ்வளவு என்று ஒரு ரூபாய் விடாமல் கேட்கிறார்கள். நூறு ரூபாய் இடித்தால் ஊரே இரண்டுபட்டு நிற்கும். கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது மானமுள்ள மனிதனின் குணந்தான். அதை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் இதே மகாஜனங்கள் வருஷந்தோறும் இன்னொரு வரியும் கட்டி வருகிறார்களே, அதைப்பற்றி மட்டும் ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை என்பதே நமது கேள்வி.

அதுதான் நூலக வரி. சொத்து வரி, வீட்டு வரி இவற்றில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி சேர்கிறது. வீட்டு வரி 500 ரூபாய் என்றால் அதன்மேல் 50 ரூபாய் நூலகத்துக்கு. இப்படி 1,000 வீடுள்ள ஓர் ஊரில் வருஷத்துக்கு 50,000 ரூபாய் ஆகிறது. இதை வசூலிப்பது பஞ்சாயத்தும் நகராட்சியும் மாநகராட்சியும். வசூலித்ததை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பிக்க வேண்டியது அவற்றின் கடமை. ஆனால் பல ஸ்தல ஸ்தாபனங்கள் வசூல் செய்த பணத்தைச் சேர்ப்பிக்காமல் நிலுவை வைத்திருப்பது பத்திரிகைகளில் பலமுறை வெளிவந்த சங்கதி. நூலகத்தில் புத்தகம் இல்லை, கூரை ஒழுகுகிறது, ஆள் போதவில்லை என்று அங்கலாய்க்கிற நாம், நம்முடைய பணம் எங்கே தங்கிப் போயிற்று என்று ஒரு நாளாவது கேட்டோமா?

இந்த வரி வானத்திலிருந்து குதித்ததல்ல. 1928-ல் சென்னையில் ஏற்பட்ட நூலகச் சங்கமும் அதன் முக்கியஸ்தரான ரங்கநாதன் அவர்களும் பொது நூலகத்துக்கென்று ஒரு சட்டம் வேண்டும் என்று 20 வருஷ காலம் விடாமல் கேட்டார்கள். 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனதும் அந்தக் காலத்து முயற்சிகளில் ஒன்று. கடைசியில் 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவில் ஏற்பட்ட முதல் நூலகச் சட்டம் இதுதான். அதைக் கொண்டு வந்த கல்வி மந்திரி நமது திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் செட்டியார். அவருக்கும் நமக்கும் கொள்கையில் எவ்வளவோ பேதமுண்டு. ஆனாலும் செய்த நன்மையை மறைப்பது பகுத்தறிவாகாது. கேட்டவர்கள் இருந்ததால்தான் சட்டம் வந்தது என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.

இன்றைய நிலைமை என்ன? 2006 முதல் 2011 வரை நடந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சி தோறும் ஒரு நூலகம் கட்டப்பட்டது. அவற்றில் பல பின்னால் பூட்டப்பட்டுப் போயின. சமீபத்தில் நாம் பிரசாரத்துக்குப் போன ஒரு சிற்றூரில் அப்படிப்பட்ட கட்டடத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் உடைந்த குழாய்களும் கிடந்தன. அலமாரியில் கரையான் ஏறியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டதற்கு நாலு பேர் நாலு பேரைக் கைகாட்டினார்கள். அதே ஊரில் கோவில் சாவி யாரிடம் என்று கேட்டிருந்தால் குழந்தை கூடச் சொல்லியிருக்கும்!

இதனால் நஷ்டம் யாருக்கு? பணக்காரன் வேண்டிய புத்தகத்தைக் கடையில் வாங்கிக் கொள்ளுவான். தறிப் பட்டறைத் தொழிலாளியின் மகளும், தோட்டத்துக் கூலியின் மகனும், காலனித் தெருப் பிள்ளையும் எங்கே போவார்கள்? படிக்கக் கூடாதவன் என்று சாஸ்திரம் சொல்லி எத்தனையோ தலைமுறையாக ஒதுக்கப்பட்டவனின் பிள்ளை, ஜாதி கேட்காத ஒரு வாசலில் நுழைந்து, எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து படிக்கக்கூடிய இடம் பொது நூலகம். அந்த வாசலைப் பூட்டி வைப்பது பழைய சாஸ்திரத்தையே வேறு வழியில் நடத்துவதாகும். சரஸ்வதி பூஜையன்று புத்தகத்துக்குச் சந்தனம் பூசிவிட்டுத் தொடக்கூடாது என்கிறார்கள். அங்காவது மறுநாள் எடுத்துப் படிக்கலாம். இந்தப் பூட்டுக்கு மறுநாளே கிடையாது.

நமது இயக்கத்தின் கதையும் இதுதானே? 1925 மே 2-ந் தேதி ஈரோட்டில் 'குடி அரசு' பிறந்த பின், டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, தெரியாத பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காத நம் போன்றோர் நாலு எழுத்துத் தெரிந்து கொண்டதெல்லாம் படிப்பகத்துப் பெஞ்சியில்தான்.

நிற்க. நூலகங்கள் தோறும் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கிறது. வீட்டுக்கே புத்தகம் கொண்டு கொடுக்கும் நூலக நண்பர்கள் என்ற தொண்டர்களும் இருக்கிறார்கள். 1,000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆகிறவர்களும் உண்டு. ஈரோட்டில் 2005 முதல் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்குக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வருகிறார்கள். எல்லாம் நல்ல காரியந்தான். ஆனால் வாசகர் வட்டம் என்றால் விழா எடுப்பதும், பொன்னாடை போர்த்துவதும், நாற்காலி நன்கொடை வாங்குவதும் மட்டுமே என்று ஆகிவிட்டால், சட்டப்படி வரவேண்டிய பணத்தை விட்டுவிட்டுப் பிச்சை எடுப்பதாகவே முடியும். தொண்டு செய்கிறவனுக்குத்தான் கேள்வி கேட்கும் உரிமை முதலில் உண்டு.

என்ன செய்யலாம்? முதலாவதாக, 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதுங்கள். நூலக வரி எவ்வளவு வசூலாயிற்று, எவ்வளவு சேர்ப்பிக்கப்பட்டது, பாக்கி எவ்வளவு என்ற மூன்று கேள்வி போதும். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவதாக, வந்த பதிலைப் பெரிய எழுத்தில் எழுதி டீக்கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுங்கள். மூன்றாவதாக, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை கூடுகிறது. பெண்களையும் காலனித் தெருக்காரரையும் கூட்டிக் கொண்டு போய், நூலகத்தைத் திறக்க வேண்டும், இன்ன நேரம் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானம் எழுத வையுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம் போய்க் கேளுங்கள். வாய்ப் பேச்சோடு நில்லாமல் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லுவோம். நமது கட்சிப் புத்தகத்தை மட்டும் வை என்று கேட்கக் கூடாது. புராணமும் இருக்கட்டும், அதற்கு மறுப்பும் பக்கத்திலேயே இருக்கட்டும். இரண்டையும் படிக்கிறவன் எந்தப் பக்கம் வருவான் என்பதில் நமக்குப் பயமில்லை.

கேட்டால் நடக்குமா என்று சிலர் சலித்துக் கொள்ளுவார்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, 2011 நவம்பரில் ஆஸ்பத்திரியாக மாற்றுவதென்று அப்போதைய சர்க்கார் முடிவு செய்தது. ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், தடை கிடைத்தது, நூலகம் நூலகமாகவே நிற்கிறது. அதே மாதத்தில் இங்கிலாந்தில் கிளாஸ்டர்ஷயர், சோமர்செட் என்ற இரண்டு ஜில்லாக்களில் நூலகச் செலவைக் குறைக்கச் செய்த முடிவை, நலிந்தவர்களுக்கு நேரும் கஷ்டத்தைச் சரியாக ஆலோசிக்கவில்லை என்று கோர்ட்டு ரத்து செய்தது. அங்கேயும் வழக்குத் தொடுத்தவர்கள் நூலகத்தில் படிக்கிற சாதாரண ஜனங்களே.

கோவையில் 300 கோடி ரூபாய் மதிப்பில் பெரியார் பெயரால் பெரிய நூலகத்துக்கு 2024 நவம்பர் 6-ந் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. நமக்குப் பெருமைதான். ஆனால் பெயர் வைத்ததோடு நமது வேலை தீர்ந்ததா? அன்னூரிலும் பல்லடத்திலும் அந்தியூரிலும் உள்ள பிள்ளை தினமும் பஸ் ஏறிக் கோவைக்கு வந்து படிக்க முடியாது. அந்தப் பிள்ளைக்கு அதன் ஊர்க் கட்டடம் திறந்திருக்க வேண்டும்.

ஆகவே, தலைக்கட்டு வரிக்குக் கணக்குக் கேட்கத் தெரிந்த நமது ஜனங்களுக்கு நூலக வரிக்கும் கேட்கத் தெரியாமல் போகாது. யாராவது முதலில் எழுந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த கிராம சபைக்கு ஊருக்குப் பத்துப் பேராவது கிளம்புவார்களா?