எஜமானர் வீட்டுச் சதுரங்கம்

சதுரங்கம் பாரத நாட்டிலே பிறந்து, பாரசீகத்தின் வழியாக மேல்நாடு சென்றது என்பது நேயர்கள் அறிந்த விஷயம். புக்ககம் போன பெண்ணைப் போல் அங்கே அது சில புது வழக்கங்களையும் கற்றுக்கொண்டது. நம்முடைய பழைய ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டந்தான் போவான். மேல்நாட்டிலோ இரண்டு கட்டம் பாயலாம். நம் ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போல் தாவுவார். அங்கே கோட்டை கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்.

இன்றும் நடைபெற்றுவரும் பிரிட்டிஷ் பட்டப் போட்டி 1904-ஆம் வருஷம் ஹேஸ்டிங்ஸில் ஆரம்பமாயிற்று. முதல் வெற்றி நேப்பியருடையது. பிறகு ஹென்றி அட்கின்ஸ் ஒன்பது முறை பட்டம் பெற்றார். அவர் தொழிலால் பள்ளி உபாத்தியாயர் என்பதைக் குறிப்பிடுவதில் எனக்குச் சிறிது சுயநலம் உண்டு!

1929-இல் ஓர் ஆச்சரியம் நிகழ்ந்தது. பஞ்சாபிலிருந்து சர் உமர் ஹயாத் கானுடன் வந்திருந்த மீர் சுல்தான் கான், ராம்ஸ்கேட்டில் அந்தப் பட்டத்தை ஜயித்தார். மேல்நாட்டு விதிகள் அவருக்குப் பழக்கமாகிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. அடுத்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஹேஸ்டிங்ஸ் பந்தயத்தில், முன்னாள் உலக வீரர் காபபிளாங்காவையே தோற்கடித்தார். 1932, 1933 ஆகிய வருஷங்களிலும் பிரிட்டிஷ் பட்டம் அவருக்கே. 1933-இல் பெண்கள் பட்டத்தை வென்ற பாத்திமாவும் அதே இல்லத்தைச் சேர்ந்தவர்தான்.

அமெரிக்க வீரர் ரூபன் பைன் ஒரு சம்பவத்தை எழுதிவைத்திருக்கிறார். உமர் ஹயாத் கான் லண்டனில் அளித்த விருந்துக்கு அமெரிக்கக் கோஷ்டியார் சென்றார்களாம். அவர்களுக்குப் பரிமாறியவர் சுல்தான் கானாம்! பலகையில் ராஜாக்களை முறியடித்தவர், பந்தியில் தட்டேந்தி நின்றார்.

1933-ன் இறுதியில் எஜமானர் இந்தியா திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். ஐரோப்பியப் பந்தயங்களில் அவர் பிறகு ஆடவேயில்லை. 1966-இல் காலமானார். உலகச் சதுரங்க சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024-இல்.

காமன்வெல்த் நாட்டார் பிரிட்டிஷ் போட்டியில் கலந்துகொள்ள இடமிருந்தபோது, 2002-இல் சென்னை ரமேஷும், 2003-இல் அபிஜித் குண்டேயும் வென்றார்கள். 2004 முதல் அந்தக் கதவு அடைக்கப்பட்டது. தங்கள் பட்டத்தைத் தங்கள் மக்களுக்கே வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. நமக்கும் 1955 முதல் சொந்தத் தேசியப் போட்டி உண்டு.

ஆனால் சுல்தான் கானின் கதை வேறொன்றைச் சொல்கிறது. திறமை மட்டும் இருந்தால் போதாது. பிரயாணச் செலவும், ஓய்வும், தன் இஷ்டப்படி போய்வரும் சுதந்தரமும் வேண்டும். நம் கூடத்தில் பலகையை விரிக்கும்போது, சமையற்கட்டு வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் பையனுக்கும் ஒரு பாய் போடுவோம்.